வீட்டுத் தொட்டியில் கடல் உயிர்கள்: எவை வேண்டும்? எவை வேண்டா?



நன்னீர்த் தொட்டியில் தங்கமீன் வளர்த்துப் பழகியவர்களுக்கு, அடுத்து ஒரு கடல்நீர்த் தொட்டி வைக்கும் ஆசை எழுவது இயல்பே. அதிலும் புதுமடம் போன்ற கரையோர ஊரில் வாழ்பவர்களுக்கு, "கடல்தான் வாசலிலேயே இருக்கிறதே, இரண்டு குடம் நீரும், எவரிடமும் இல்லாத நான்கு உயிர்களும் கொண்டுவந்தால் போதாதா?" என்று தோன்றும். அது ஏன் போதாது என்பதையும், எந்த வழியில் சென்றால் அந்த ஆசை முறையாக நிறைவேறும் என்பதையும் இங்கே காண்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் கண்ணெதிரே விரிந்துகிடக்கும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-ஆம் ஆண்டு தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதன் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். மண்டபத்தை ஒட்டிய குருசடைத் தீவு, முயல் தீவு முதலிய ஏழு தீவுகளும் இதில் அடங்கும். பூங்காவின் எல்லைக்குள்ளிருந்து எந்த உயிரையும் எடுத்துவருவது குற்றமாகும்.

எல்லைக்கு வெளியிலும் சில உயிர்களைத் தொடலாகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில், பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறி, கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001-இல் சேர்க்கப்பட்டன. முதற்பட்டியலிலுள்ள உயிரைப் பிடித்தால் மூன்றாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை உண்டு. ஒரு காலத்தில் நம் கரையில் கடல் அட்டையை அவித்து உலர்த்தி ஏற்றுமதி செய்தது பலருக்குப் பிழைப்பாக இருந்தது. அந்த நினைவில், "ஓர் அட்டைதானே" என்று அழகுக்காக எடுத்துவரும் இளைஞர் வழக்கில் சிக்க நேரிடும். செத்த பவளக்கல்லையும் அடுக்குவதற்கென எடுக்கக் கூடாது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டியெடுத்த காலம் ஒன்றிருந்தது. விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் கடலுக்குள் அமிழ்ந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

சிறிய தொட்டியின் இயல்பு

கடலின் உவர்ப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். கடல் பெரிதாகையால் அந்த அளவு எளிதில் மாறாது. எழுபத்தைந்து லிட்டர் தொட்டியின் நிலை வேறு. சித்திரை வெயிலில் நீர் ஆவியாகும்; உப்பு மட்டும் தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்கு நல்ல நீரையே ஊற்ற வேண்டும். கடல்நீரை ஊற்றினால் உவர்ப்பு மேலும் ஏறிவிடும். முதுகெலும்பற்ற உயிர்களிற் பெரும்பாலானவை இம்மாற்றத்தைத் தாங்கமாட்டா. நீரின் வெப்பம் 25 முதல் 27 பாகைக்குள் இருப்பது நலம். திறந்த கடலிலேயே வெப்பம் மிகுந்து, மன்னார் வளைகுடாவின் பவளங்கள் 2016-லும் 2024-லும் வெளுத்துப்போயின எனில், கூடத்து மூலையிலுள்ள தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

புதிய தொட்டியில் உடனே உயிர்களை விடவும் கூடாது. கழிவிலிருந்து எழும் அம்மோனியா நஞ்சை மாற்றவல்ல நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். மீன் நோய்க்கென விற்கப்படும் செம்பு கலந்த மருந்தைத் தொட்டியில் விட்டால் மீன் பிழைக்கும். இறாலும் நத்தையும் மடியும்.

மூன்று கேள்விகள்

புதுமையான உயிர் எதைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது எதை உண்ணும்? இது இறந்தால் தொட்டி என்னாகும்? இது எங்கிருந்து வந்தது?

முதற் கேள்வியிலேயே பல தோற்றுவிடும். வண்ணப்பட்டுப் போல் நெளியும் ஓடில்லாக் கடல் நத்தைகளிற் பல, ஏதேனும் ஒரு வகைப் பஞ்சுயிரியை மட்டுமே உண்பவை. அது கிட்டாவிடில் பட்டினியால் சாகும். இறகு நட்சத்திரம் நீரில் மிதந்துவரும் நுண்ணுயிர்களை ஓயாது வடித்துண்பது. சிறு தொட்டியில் அதற்கு உணவில்லை. வெளிநாட்டுக் கடைகளில் பெரிதும் விரும்பி வாங்கப்படும் கோமாளி வண்ண இறாலுக்கு நட்சத்திர மீனே இரை. அதனை வளர்ப்பவர் நட்சத்திர மீன்களைக் கொன்றுகொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வியில் கடல் அட்டை விழும். சட்டம் தடுக்காவிடினும் அது ஆகாது. நலிந்தாலோ இறந்தாலோ அது வெளியிடும் நஞ்சு தொட்டி முழுவதையும் அழிக்கக் கூடும். கடற்சாமந்தி இடம் பெயர்ந்து சென்று நீரிறைக்கும் கருவியில் சிக்கிச் சிதைந்தாலும் இதே கதிதான். கூம்புச் சங்கின் அழகில் மயங்கிக் கையிலெடுக்காதீர்கள். அவ்வினத்திற் சில மனிதரையே கொல்லும் நஞ்சுடையவை.

அப்படியானால் எவற்றை வளர்ப்பது?

பாசி மேயும் சிறு நத்தைகள், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகள் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். நண்டு வளர வளர அதற்குப் பெரிய காலிச் சங்குகள் வேண்டும்; இல்லையேல் நத்தையைக் கொன்று அதன் வீட்டைப் பறித்துக்கொள்ளும். அடுத்து, மீனின் உடலில் ஒட்டியுள்ள பூச்சிகளைப் பொறுக்கித் தின்னும் துப்புரவு இறால். அது சட்டை கழற்றிய மறுநாள் முழு இறால் ஒன்று செத்துக்கிடப்பது போலத் தோன்றும். அஞ்ச வேண்டா, அது வெறும் ஓடு.

புதுமையே வேண்டுமெனில் சொடுக்கு இறால் இருக்கிறது. கண்பார்வை குன்றிய இந்த இறால் மணலில் வளை தோண்டும். சிறு உழுவை மீனொன்று வாயிலில் காவல் நிற்கும். இறாலின் உணர்கொம்பு மீனின் மேல் பட்டபடியே இருக்கும். ஆபத்து வந்தால் மீன் வாலசைக்க, இரண்டும் உள்ளே மறையும். வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த பாடம் எது?

மூன்றாம் கேள்விக்கு நல்ல விடை, "வளர்ப்பிடத்தில் பிறந்தது" என்பதே. இலட்சத்தீவின் அகத்தியில் தேசிய மீன் மரபுவள நிறுவனம் அலங்கார இறால்களை இனப்பெருக்கம் செய்து, அவற்றை வளர்க்கும் பயிற்சியைத் தீவுப் பெண்களுக்கு அளித்துள்ளது. கடலைச் சுரண்டாமல் வீட்டிலிருந்தே பொருளீட்டும் இவ்வழி நம் கரைப் பெண்களும் எண்ணிப் பார்க்கத்தக்கது. மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் உள்ளது. ஐயமெனில் அங்கும் வனத்துறையிடமும் கேட்டுத் தெளியலாம்.

இறுதியாக ஒன்று. சலித்துப்போனால் தொட்டியிலுள்ளவற்றைக் கடலில் கொட்டிவிடாதீர்கள். வளர்ப்புக்கெனக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்னும் அயற்பாசி குருசடைத் தீவின் பவளங்களின் மேல் படர்ந்து அவற்றை மூடியதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். தொட்டிக்குள் வந்த உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதற்கு இரையும் தூய நீரும் இறுதிவரை தர இயலுமா என்று எண்ணிப் பார்த்து, இயலும் என்றால் மட்டுமே வாங்குங்கள்.