தேங்காய்ப்பாலில் ஐஸ்கிறீம் – தாய்லாந்துக்காரரின் முறை

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஐஸ்கிறீம் பேச்சுத்தான். கடைப்பெட்டியில் உள்ள எழுத்தைக் கூட்டி வாசித்துப் பார்த்தால் சிலவற்றில் முட்டை, சிலவற்றில் மிருகத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கும் ஜெலற்றின் சேர்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாத வீட்டில் இது ஒரு சங்கடம். பசுப்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கோ இன்னொரு சங்கடம்.

இந்த இரண்டுக்கும் தாய்லாந்து மக்களிடம் நல்ல விடை இருக்கிறது. அவர்கள் தேங்காய்ப்பாலிலேயே ஐஸ்கிறீம் செய்கிறார்கள். முட்டையும் இல்லை, பசுப்பாலும் தேவையில்லை. நாம் சொதிக்கு வாங்கி வைக்கும் அதே ரின் பால் போதும்.

எமக்குத் தெரிந்த பொருட்கள்தான்

தாய்லாந்தில் இதை ‘ஐ-டிம் கதி’ என்பார்கள். ஐஸ்கிறீம் என்ற சொல்தான் அங்கே ‘ஐ-டிம்’ ஆனது. ‘கதி’ என்றால் தேங்காய்ப்பால். தள்ளுவண்டிகளில் விற்பார்கள். பாங்கொக்கின் சத்துச்சக் வாரச்சந்தையில் தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக் கொடுப்பது பேர்போனது. மேலே வறுத்த கச்சான், அவித்த சோளம், இனிப்பாக அவித்த ஒட்டரிசிச் சோறு, பனை நுங்கு என்று விரும்பியதைத் தூவுவார்கள். பாணை நடுவில் பிளந்து அதற்குள் ஐஸ்கிறீமை வைத்துச் சாப்பிடும் வழக்கமும் உண்டு.

ஆம், பனை அங்கும் உண்டு. பெச்சபுரி மாகாணம் பனைக்கும் பனஞ்சீனிக்கும் பெயர் பெற்றது. தாய் மொழியில் சீனிக்குச் சொல்லும் சொல்லே ‘பனைநீர்’ என்றுதான் பொருள்படும். அந்தச் சொல் ‘நாம்-தான்’. கேட்கும்போது நம்மையே சொல்வதுபோல் இருக்கிறது!

றம்பையையும் பாருங்கள். நாம் அதைக் கறிக்கும் சோற்றுக்கும் போடுகிறோம். அவர்கள் ‘பை தொய்’ என்று அதே இலையை இனிப்புக்குப் போடுகிறார்கள். ஆசியக் கடைகளில் பிறிஸ்ஸரில் உறைய வைத்த கட்டாகக் கிடைக்கும்.

செய்முறை

தேவையானவை: 400 மி.லீ. தேங்காய்ப்பால் ரின் 2, சீனி 150 கிராம், சோளமா 2 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, றம்பை இலை 4.

முதலில் ரின்னைக் கவனித்து வாங்குங்கள். 100 மி.லீற்றரில் 17 கிராமுக்குக் குறையாமல் கொழுப்பு இருக்கவேண்டும். கொழுப்புக் குறைத்த பாலில் செய்தால் ஐஸ்கிறீம் வராது, ஐஸ்கட்டிதான் வரும்.

சோளமாவைக் கொஞ்சம் தேங்காய்ப்பாலில் கட்டியில்லாமல் கரைத்து வையுங்கள். மீதிப் பாலில் சீனி, உப்பு, முடிச்சுப் போட்ட றம்பை சேர்த்து மெல்லிய நெருப்பில் சூடாக்குங்கள். ஆவி பறந்ததும் மாக்கரைசலை ஊற்றி, கரண்டியில் ஒட்டும் பருவம் வரும்வரை கிண்டி இறக்குங்கள். மா தண்ணீரைப் பிடித்து வைப்பதால் பெரிய ஐஸ்துகள் உண்டாவது குறையும். உப்பைத் தவிர்க்காதீர்கள். தாய்லாந்து இனிப்புகளுக்குத் தனிச்சுவை கொடுப்பதே தேங்காய்ப்பாலுடன் சேரும் அந்த உப்புத்தான். சூடாக ருசி பார்க்கும்போது இனிப்புச் சற்றுத் தூக்கலாகவே இருக்கவேண்டும். குளிரில் நாக்குக்கு இனிப்புக் குறைவாகத் தெரியும்.

ஆறியதும் இலையை எடுத்துவிட்டு, ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அடுத்த நாள் அகன்ற தட்டையான பாத்திரத்தில் ஊற்றிப் பிறிஸ்ஸரில் வைக்கலாம். முக்கால் மணித்தியாலத்தில் ஓரங்கள் உறையத் தொடங்கும். முள்ளுக்கரண்டியால் சுரண்டி நன்றாக அடித்துக் கலக்குங்கள். பிறகு அரைமணிக்கு ஒருதடவை, நாலைந்து தடவை இப்படிச் செய்யவேண்டும். மெசின் செய்யும் வேலையும் இதுதான். பிறகு மூடி வையுங்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழேயே இறுகிவிடும் என்பதால் இது கல்லுப்போல இருக்கும். சாப்பிடப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு முன் வெளியே எடுங்கள்.

வேறு வாசனைகள்

எலுமிச்சைப் புல்: றம்பைக்குப் பதிலாக இரண்டு தண்டைத் தட்டி, ஒரு துண்டு இஞ்சியுடன் சூடான பாலில் அரைமணி ஊறவிட்டு வடியுங்கள். அதன்பிறகு மாவைச் சேர்த்துக் காய்ச்சுங்கள்.

மாம்பழம்: ஒரு ரின் தேங்காய்ப்பாலும் மற்றப் பொருட்களில் பாதியும் எடுத்து, றம்பை இல்லாமல் காய்ச்சி ஆறவைத்து, 300 கிராம் மாம்பழக் களியைக் கலக்கவும். தாய்லாந்தில் மாம்பழமும் ஒட்டரிசியும் சித்திரை, வைகாசி மாதங்களின் விருந்து. அந்த ருசி இதில் வரும்.

தேயிலை: மூன்று மேசைக்கரண்டி தேயிலையைச் சூடான பாலில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு வடியுங்கள். சீனியைப் பாதியாக்கி, ரின்பால் சேர்த்து இனிப்பைச் சரிபண்ணுங்கள். தாய்லாந்துத் தேநீரின் செம்மஞ்சள் நிறம் தேயிலையுடன் கலக்கும் சாயத்தால் வருவது. எமது தேயிலையில் மண்ணிறமாக வரும், ருசிக்குக் குறைவில்லை. ரின்பால் பசுப்பால் என்பதை மறக்கவேண்டாம்.

ஓர் எச்சரிக்கை: கச்சான் சிலருக்கு ஒவ்வாது, விருந்தாளிப் பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்டபின் தூவுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு முழுக் கச்சான் கொடுக்கவேண்டாம், தொண்டையில் சிக்கும்.

பிள்ளைகளையும் கூட்டுங்கள்

இதற்குச் செலவாகும் மூன்று மணித்தியாலம் வீண் அல்ல. தாய் பகல் வேலைக்கும் தகப்பன் இரவு வேலைக்கும் போகும் வீடுகளில் எல்லோரும் ஒன்றாக இருப்பது சனி, ஞாயிறு மட்டும்தான். அதிலும் பாதி தொலைக்காட்சிக்குப் போய்விடுகிறது. அரைமணிக்கு ஒருதடவை கலக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். இடையில் சும்மா இருக்கும் நேரத்தில் கதை வரும். சிரட்டை, திருவலை, நுங்கு, பனங்கட்டி என்ற சொற்களெல்லாம் தமிழ்ப் பாடசாலைப் புத்தகம் இல்லாமலே அவர்களுடைய வாயில் வரும்.

இன்னுமொன்று. எமது பிள்ளைகளில் சிலர் தேங்காய்ப்பால் மணக்கிறது என்று கறிச்சாப்பாட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வெட்கப்படுகிறார்கள். அதே தேங்காயையும் அரிசியையும் பனையையும் தாய்லாந்து மக்கள் தலைநிமிர்ந்து உலகத்துக்குப் பரிமாறுகிறார்கள், வெள்ளைக்காரரும் காசு கொடுத்துச் சாப்பிடுகிறார்கள். அடுத்த பிறந்தநாளுக்கு இந்த ஐஸ்கிறீமைச் செய்து, பிள்ளையின் பள்ளிக்கூட நண்பர்களைக் கூப்பிடுங்கள். என்னத்தில் செய்தது என்று அவர்கள் கேட்பார்கள். பதிலைப் பிள்ளையே சொல்லட்டும்.