நுதலிய பொருளும் நூற்பயனும்

‘இந்நூலை ஆசிரியர் எதன்பொருட்டு இயற்றினார்?’ என்று வகுப்பில் வினவினால், மாணாக்கருட் பெரும்பாலோர் கதையைச் சுருக்கிச் சொல்லத் தொடங்குகின்றனர். சிலப்பதிகாரமாயின், கோவலன் பிரிந்ததும் கண்ணகி வழக்குரைத்ததும் வரும். அல்லாக்கால், ‘மக்களுக்கு அறம் புகட்டுதற்பொருட்டு’ என்னும் தொடர் வரும். இத்தொடர் எந்நூலுக்கும் பொருந்தும். ஆதலின் எந்நூலையும் விளக்காது. முன்னது நூல் கூறும் செய்தி. பின்னது மனனஞ் செய்த மறுமொழி. இரண்டும் வினாவுக்கு விடையாகா.

இவ்வேறுபாட்டை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். சிறப்புப் பாயிரத்துக்குரிய எட்டினை வகுத்த பவணந்தி முனிவர், ‘நுதலிய பொருள்’ என்பதையும் ‘பயன்’ என்பதையும் வேறு வேறாகவே வைத்தார். அவ்விரண்டுக்கும் இடையில் ‘கேட்போர்’ என்பதை வைத்தமை ஊன்றி நோக்கத்தக்கது. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர் என நன்னூல் கூறும். யார் கேட்க, எக்காலத்து, எவ்விடத்து, எக்காரணம் பற்றி எழுந்தது என்று அறிந்தாலன்றிப் பயன் புலனாகாது. மாணாக்கர் இவற்றைப் பிழையின்றி ஒப்புவிக்கின்றனர். ஆனால் இவற்றை வினாக்களாக்கி நூலினிடத்துக் கேட்கும் பழக்கத்தை நாம் அவர்க்கு ஊட்டுவதில்லை.

இப்பயிற்சிக்கு மட்டக்களப்புப் பகுதி மாணாக்கர்க்கு வாய்த்த நல்வாய்ப்புப் பிறர்க்கு அரிது. செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களிலுள்ள கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசித் திங்களிலே ‘கண்ணகி வழக்குரை’ பாடப்படுவதை அவர்கள் இளமை முதலே கேட்டு வருகின்றனர். பண்டிதர் வீ. சீ. கந்தையா அவர்கள் அதனை 1968 இல் பதிப்பித்தார்கள். வகுப்பிலே அவர்கள் கற்பது இளங்கோவடிகளின் காப்பியம். கோயிலிலே கேட்பது வழக்குரை. நுதலிய பொருள் ஏறத்தாழ ஒன்றே. பயனும் ஒன்றோ என்று அவர்களையே கேட்டல் வேண்டும்.

வழக்குரையின் கேட்போர் அடியார், களம் கோயில், காலம் வெயில் மிக்க வைகாசி. பாண்டியன் அவையில் வழக்குரைத்து மதுரையை எரித்த அம்மனின் சினம் தணிந்து, ஊர் குளிர்ந்து, மழையும் நலமும் பெறவேண்டும் என்பதே அங்குக் கூடியோர் வேண்டுதல். சடங்கின் முடிவிலே நிகழும் ‘குளிர்த்தி’ என்னும் பெயரே அப்பயனை உணர்த்தும். காப்பியமோ வேறு நெறிப்பட்டது. அதன் பதிகம், அரசியல் பிழைத்தோர்க்கு அறமே கூற்றாகும், பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை வந்து பயனூட்டும் என்னும் மூன்று உண்மைகளை நாட்டுதலே நோக்கம் என்கின்றது. ஆங்கு எய்தவேண்டுவது தெளிவு. ஈங்கு எய்தவேண்டுவது அருள். இவ்வொப்பீட்டைத் தாமே செய்த மாணாக்கர் கதைச் சுருக்கத்தை விடையென எழுதார்.

இத்துணையில் அமைதலும் போதாது. பாயிரம் உரைத்தற்குரியோர் நூலாசிரியனின் ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் என்போர் என்பது நன்னூல் விதி. எனவே பாயிரம் கூறும் நோக்கம் பெரும்பாலும் பிறர் வாய்மொழி. அதனை நூலோடு வைத்துச் சரிபார்த்தல் கற்போன் கடன். அதற்கு எளிய வழி ஒன்றுண்டு. ஆசிரியர் எவ்விடத்தில் விரைந்து செல்கிறார், எவ்விடத்தில் நின்று விரிக்கிறார் என்று காண்க. விரித்த பகுதியை நீக்கினால் யாது குறையும் என்று வினவுக. மூன்று உண்மைகளே குறிக்கோளாயின், அரங்கேற்று காதையும் ஆய்ச்சியர் குரவையும் குன்றக் குரவையும் இத்துணை விரிவாக அமைவானேன்? அவற்றைக் களைந்தால் கதை அறாது. ஆயினும் ஆடலும் பாடலும் ஆயர் வாழ்வும் குறவர் வாழ்வும் மறைந்துபோம். புகார், மதுரை, வஞ்சி என மூவேந்தர் தலைநகரும் காண்டப் பெயர்களாய் நிற்றலையும் உடன்வைத்து எண்ணின், தமிழகம் முழுவதையும் ஒரு நூலுள் அடக்கும் நோக்கமும் இருந்தது எனத் துணியலாம். வேறு முடிவுக்கு வரும் மாணாக்கனும் தவறினான் அல்லன். நூலிலிருந்து சான்று காட்டாதவனே தவறினான்.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் இவ்வாறு கற்றோருள் தலையாயவர். பலரும் கடந்துசென்ற அரங்கேற்று காதையின் யாழ்ச் செய்தியிலே அவர் நின்றார். 1947 இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ அதன் விளைவு. அந்நூல் பாயிரவியலோடு தொடங்குகின்றது. அதன் நுதலிய பொருள் யாழ். அதன் பயனோ வழக்கிழந்த பழந்தமிழிசையை மீட்டல்.

இதனைத் தேர்வுப் புள்ளிக்குரிய பயிற்சியென்று மட்டும் ஆசிரியர்கள் கருதலாகாது. இன்றைய இளைஞர் பாயிரமுள்ள நூல்களைக் காட்டிலும் பாயிரமில்லாத எழுத்தையே மிகுதியாகப் படிக்கின்றனர். வணிக விளம்பரமும் கட்சித் துண்டுப்பிரசுரமும் கைப்பேசியிற் பரவும் செய்தியும் தம் பயனை முகப்பில் எழுதிக்கொண்டு வருவதில்லை. செய்திபோலத் தோன்றுவது விற்பனையாகவும், அறிவுரைபோலத் தோன்றுவது பகைமூட்டலாகவும் இருத்தல் கூடும். பல இனத்தாரும் பல சமயத்தாரும் அயலயலே வாழும் இவ்வாவிக்கரையில், சொல்வது யாது என்பதோடு நின்று, சொல்லப்படுவது எதற்கு என்று கேளாதவன் தனக்கு மட்டுமன்றித் தன் அயலார்க்கும் தீங்கிழைப்பான்.

ஆதலின், பாடம் எதுவாயினும் அதன் இறுதியில் மூன்று வினாக்களை ஆசிரியர் எழுப்புவாராக: இஃது யார்க்குச் சொல்லப்பட்டது? யாண்டு நின்று விரிந்தது? இதனைக் கேட்டவன் யாது செய்யவேண்டும் என்று கருதப்பட்டது? இம்மூன்றுக்கும் நூலிலிருந்தே சான்று காட்டப் பழகிய மாணாக்கன், ஆசிரியர் அருகில்லாத காலத்தும் பிறர் சொல்லுக்கு எளிதில் இரையாகான்.