ரத்தச் சிவப்பை எண்ணாக்கும் பச்சை ஒளி

ரத்தத்தில் ஹீமோகுளோபின் எத்தனை கிராம் என்பதை ஆய்வகத்தில் யாரும் தராசில் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஒளியை ஊடே செலுத்தித்தான் கணக்கிடுகிறார்கள். கரைசலில் ஒரு பொருளின் செறிவு கூடக்கூட, அது விழுங்கும் ஒளியும் கூடும். ஒளி கடக்கும் தூரத்துக்கும் உட்கவர்தலுக்கும் உள்ள தொடர்பை பிரான்சின் பியர் பூகே 1729-லும், லாம்பர்ட் 1760-லும் எழுதினார்கள். 1852-ல் ஆகஸ்ட் பீர் அதில் செறிவையும் சேர்த்தார். முதலில் கண்டுசொன்ன பூகேயை மறந்துவிட்டு, பாடப்புத்தகங்கள் இதை பீர்–லாம்பர்ட் விதி என்றே அழைக்கின்றன.

செறிவுக்கு நேர்விகிதத்தில் கூடுவது உட்கவர்திறன். அது மடக்கைக் கணக்கு: விழுந்த ஒளியில் பத்தில் ஒரு பங்கு வெளியே வந்தால் 1, நூறில் ஒரு பங்கு வந்தால் 2.

ரத்தத்தை எடுத்த எடுப்பிலேயே அளக்க முடியாது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கு ஒரு சிவப்பு, ஏறாததற்கு வேறு சிவப்பு. அதனால் 5 மில்லி டிராப்கின் கரைசலில் 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தைக் கலக்கிறார்கள். அதிலுள்ள ஃபெர்ரிசயனைடும் சயனைடும் ஏறக்குறைய எல்லா ஹீமோகுளோபினையும் சயன்மெட்ஹீமோகுளோபின் என்ற ஒரே சேர்மமாக்கிவிடும். சில நிமிடம் பொறுத்து, ஒளி 1 சென்டிமீட்டர் கடக்கும் குவெட் என்ற சிறு குப்பியில் ஊற்றி, 540 நானோமீட்டர் பச்சை ஒளியைச் செலுத்துவார்கள். சிவப்பு ஒளி இங்கே உதவாது. சிவப்பை விழுங்காமல் விடுவதால்தானே கரைசல் சிவப்பாகத் தெரிகிறது! ரத்தம் சேராத டிராப்கின் கரைசலை வைத்துக் கருவியைச் சுழிக்குக் கொண்டுவந்த பிறகே மாதிரியை வைக்க வேண்டும். செறிவு தெரிந்த திட்டக் கரைசலின் அளவீட்டோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்.

பிசகுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். குவெட்டின் மீது பதிந்த விரல்ரேகையே ஒளியைத் தடுக்கும். கொழுப்பு மிகுந்த ரத்தத்தால் கரைசல் கலங்கினால், சிதறிப்போன ஒளியையும் விழுங்கப்பட்டதாகவே கருவி எடுத்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் அளவு உண்மையில் இல்லாத உயரத்துக்கு ஏறும். உட்கவர்திறன் 2-ஐத் தாண்டினால் வந்துசேரும் ஒளி மிகச் சொற்பம். அந்த எண்ணை நம்புவதைவிட, நீர்க்கச்செய்து மறுபடி அளப்பதே நல்லது.

டிராப்கின் கரைசலில் அமிலம் பட்டால் நச்சு வாயு கிளம்பும். அதனால் இன்றைய தானியங்கிக் கருவிகள் பலவற்றில் சயனைடுக்குப் பதில் சோடியம் லாரில் சல்பேட் வந்துவிட்டது; ஒளியால் அளக்கும் முறை மட்டும் மாறவில்லை.