அச்செடுப்பதும் ஒரு கலைதான்

ரோட்டோஸ்கோப்பை காப்பியடிக்கும் வேலை என்று ஏளனம் செய்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஒருநாள் உட்கார்ந்து வரைந்து பார்த்தால் அந்தப் பேச்சு அடங்கிவிடும்.

1915-இல் நியூயார்க்கில் மேக்ஸ் ஃபிளைஷர் உருவாக்கிய ரோட்டோஸ்கோப் கருவி, ஃபிலிமின் ஒவ்வொரு ஃபிரேமையும் கண்ணாடியின் பின்னாலிருந்து காட்டும். மேலே தாளை வைத்து உருவத்தைப் பென்சிலால் எடுக்க வேண்டும். தம்பி டேவ் கோமாளி வேஷம் கட்டி ஆட, அதிலிருந்து பிறந்தவன்தான் கார்ட்டூன் கோமாளி கோகோ. அந்தக் காலத்தில் இதைக் கற்க கேமரா, ஃபிலிம், கழுவும் கூடம் எல்லாம் வேண்டும். ஸ்டூடியோவில் வேலை கிடைத்தவர்களுக்கே அந்த வாய்ப்பு. 1985-இல் வந்த ‘டேக் ஆன் மீ’ பாடல் வீடியோவுக்குக்கூட ஏறத்தாழ 3,000 பென்சில் படங்கள் தேவைப்பட்டன.

பாப் சபிஸ்டன் எழுதிய ரோட்டோஷாப் மென்பொருள் இதை மாற்றியது. முதல் கோட்டையும் சில ஃபிரேம் தள்ளி அடுத்த கோட்டையும் போட்டால், இடையில் உள்ளதைக் கணினியே நிரப்பும். 2001-இல் ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் ‘வேக்கிங் லைஃப்’ முழுநீளப் படமே இப்படி வந்தது. இன்று கைபேசியில் எடுத்த வீடியோவும் கிரிட்டா என்ற இலவச வரைகலை மென்பொருளும் போதும். முந்தைய படம் மங்கலாகத் தெரிய ஆனியன் ஸ்கின் இருக்கிறது. பிழையை அழிக்க ஒரு தட்டு.

ஆனால் கண்ணுக்கு வேண்டிய பயிற்சி குறையவில்லை. ஒருவர் காபி டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று வையுங்கள். மணிக்கட்டு திரும்பும்போது கட்டைவிரல் டம்ளருக்குப் பின்னால் மறைகிறது. இடையில் நிரப்பும் கணினிக்கு அது தெரியாது. விரலின் கோட்டை உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டு போகும். அங்கே புதுப்படம் நாம்தான் வரைய வேண்டும். சட்டை மடிப்பு அத்தனையையும் எடுத்தாலோ, ஓடவிட்டதும் உடம்பே நடுங்கும். ஆகவே எதை விடுவது என்பதே முக்கியப் பாடம். இதைச் சொல்லித்தரும் பொத்தான் எந்த மென்பொருளிலும் கிடையாது.

தொடங்குபவர்கள் கேமராவை அசையாமல் நிறுத்தி, ஒரே நிறச் சட்டை போட்ட ஒருவரை இரண்டே வினாடி எடுங்கள். வினாடிக்கு 12 வீதம் 24 படங்கள். முதல்முறை கணினியை நிரப்பவிடாமல் அத்தனையையும் கையாலேயே வரையுங்கள்.