மீனுக்கு எல்லை ஏது?

உல்லம் என்று ஒரு மீன் உண்டு. வங்காளத்தில் இதை இலிஷ் என்பார்கள். வெள்ளி போல மின்னும். முள் அதிகம். ருசியும் அதிகம்.

இது கடலில் வாழும் மீன். ஆனால் முட்டையிட ஆற்றுக்கு வரும். கங்கை, பத்மா, ஐராவதி ஆறுகளில் தண்ணீரை எதிர்த்து மேலே ஏறும். அங்கே முட்டையிடும். குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும் கடலுக்குத் திரும்பும். ஒரு காலத்தில் இது கங்கையில் அலகாபாத்தையும் தாண்டிப் போனது. 1975இல் பரக்கா அணை வந்தது. அதன் பிறகு அந்த வழி அடைபட்டது.

இந்த மீனை இந்தியா பிடிக்கிறது. வங்கதேசம் பிடிக்கிறது. மியான்மரும் பிடிக்கிறது. மூன்று நாட்டு மீனவர்களுக்கும் இது சோறு போடுகிறது. அப்படியானால் இதை யார் காப்பது?

மூன்று ஊர்களுக்குப் பொதுவாக ஓர் ஏரி இருக்கிறது. ஓர் ஊர் மட்டும் குஞ்சு மீனைப் பிடிக்காமல் விடுகிறது. மற்ற இரண்டு ஊர்களும் வலையைப் போட்டு வாரிக்கொள்கின்றன. விட்ட ஊருக்கு என்ன கிடைக்கும்? வயிற்றெரிச்சல்தான் கிடைக்கும். வங்காள விரிகுடாவிலும் இதுதான் நடந்தது.

மீன் பெருகுவதற்காகச் சில நாட்கள் மீன்பிடிக்கத் தடை போடுவார்கள். இந்தியாவின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. மொத்தம் 61 நாட்கள். வங்கதேசத்தில் தடை மே 20இல் தொடங்கியது. ஜூலை 23 வரை இருந்தது. மொத்தம் 65 நாட்கள். 2019இல் அங்கே சிறு படகுகளுக்கும் இந்தத் தடை வந்தது.

கணக்குப் பாருங்கள். ஜூன் 15 அன்று இந்தியப் படகுகள் கடலுக்குப் புறப்படும். வங்கதேச மீனவர் இன்னும் 39 நாட்கள் கரையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். “நாங்கள் பட்டினி கிடந்து வளர்த்த மீனை அவர்கள் அள்ளுகிறார்கள்” என்று அவர்கள் குமுறினார்கள். அதில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2025இல் வங்கதேச அரசு தேதியை மாற்றியது. இப்போது அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 11 வரை தடை. இரண்டு நாட்டுத் தடையும் ஒரே நாளில் தொடங்குகிறது. ஒரு தேதியை மாற்றவே ஆறு ஆண்டுகள் ஆயின.

கடலைக் கெடுக்காமல், கடலை வைத்தே பிழைப்பதை ‘நீலப் பொருளாதாரம்’ என்கிறார்கள். இதற்குப் பணம் வேண்டும். மீன் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். அலையாத்திக் காடுகளைக் காக்க வேண்டும். தடைக் காலத்தில் மீனவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஏழை நாடு இவ்வளவு பணத்துக்கு எங்கே போகும்?

மகளிர் குழுவை நினைத்துப் பாருங்கள். தனியாகப் போய்க் கேட்டால் வங்கி கடன் தருவதற்கு யோசிக்கும். இருபது பெண்கள் குழுவாகச் சேர்ந்து, நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதி வந்தால் தருகிறது. நாடுகளுக்கும் இப்படித்தான்.

1991இல் உலகச் சுற்றுச்சூழல் நிதியம் தொடங்கியது. பல நாடுகள் இதில் பணம் போடுகின்றன. வளரும் நாடுகளுக்கு இது உதவுகிறது. பெரும்பாலும் இது நல்கை. அதாவது, திருப்பித் தர வேண்டாத பணம். ஆனால், பொதுக் கடலுக்கு என்று கேட்டால் அதைப் பங்கிடும் நாடுகள் சேர்ந்து வர வேண்டும். என்ன கேடு, ஏன் வந்தது என்று முதலில் சேர்ந்து ஆராய வேண்டும். பிறகு, என்ன செய்வது என்று பொதுத் திட்டம் எழுத வேண்டும். நோயைப் பார்க்காமல் மருந்து இல்லை.

வங்காள விரிகுடா நாடுகள் இப்படிச் சேர்ந்தன. இந்தியா, வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு, மியான்மர், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா என எட்டு நாடுகள். 2009இல் வேலை தொடங்கியது. சுமார் 3 கோடி டாலர் திரண்டது. இந்த நிதியத்தோடு நார்வே, சுவீடன் நாடுகளும் உதவின. எட்டு நாடுகளும் தங்கள் பங்கைப் போட்டன. 2012இல் ஆய்வு அறிக்கை வந்தது. அளவுக்கு மீறிப் பிடிப்பது, காடும் பவளப்பாறையும் அழிவது, கழிவு கலப்பது என்று மூன்று கேடுகளை அது சொன்னது.

எட்டு நாடுகள் ஒரே நாளில் கூடிவிடவில்லை. இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1979இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, சிறு மீனவர்களுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. அதன் அலுவலகம் சென்னையில் இருந்தது. அங்கேதான் பல நாட்டு மீன்வளத் துறையினர் ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டார்கள். 2003இல் இந்தியா, வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு ஆகிய நான்கு நாடுகளும் அதைத் தங்கள் சொந்த அமைப்பாகவே ஆக்கிக்கொண்டன. பழக்கம் இல்லாத இடத்தில் ஒப்பந்தம் எப்படி வரும்?

இந்தப் பணத்தில் கூட்டத்துக்கும் அறிக்கைக்கும் எவ்வளவு, படகுக்காரருக்கு எவ்வளவு? மீனவர்கள் இதைக் கேட்கத்தான் வேண்டும். வங்கதேசத்தில் உல்லக் குஞ்சு பிடிக்கத் தடை உள்ள மாதங்கள் சிலவற்றில், மீனவக் குடும்பங்களுக்கு மாதம் 40 கிலோ அரிசி தருகிறார்கள். அது அந்த நாட்டு அரசின் அரிசி. வெளியிலிருந்து வந்தது அல்ல.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வங்கதேசத்தில் 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த உல்லத்தை அந்தத் தடை மாதங்களில் பிடிக்கக் கூடாது. மேற்கு வங்கத்தில் 23 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைத்தான் பிடிக்கக் கூடாது. 24 சென்டிமீட்டர் மீன் ஒன்று அந்தக் கடலில் நீந்துகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் அது குஞ்சு. இந்தப் பக்கம் வந்தால் சந்தைக்குப் போகும் மீன்.