காகிதத்தின் கடைசிப் பிறவி

நுழையும்முன்

எழுதும் தாள் உறுதியாக இருத்தல் வேண்டும்; கைதுடைக்கும் தாள் பஞ்சுபோல் மென்மையாக இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒரே வகை நாரிலிருந்து பிறப்பவையே. அவ்வாறாயின் ஒன்று உறுதியாகவும் மற்றொன்று மென்மையாகவும் அமைவது எதனால்? பூவேலைப்பாடு அச்சிட்ட கழிப்பறைத் தாள் உருவாகும் முறையையும், பயன்பட்டபின் அதற்கு நேரும் முடிவையும் இப்பாடத்தின்வழி அறிவோம்.

தாள் என்னும் சொல்

காகிதத்தைக் கன்னடத்தில் 'காகத' என்பர். தமிழில் காகிதம் என்றும் தாள் என்றும் இரு சொற்கள் வழங்குகின்றன. காகிதம் என்பது பாரசீக மொழியின் வழியே வந்த சொல். தாள் என்பதோ தமிழ்ச்சொல். நெல், கேழ்வரகு முதலியவற்றின் அடிப்பகுதிக்குத் தாள் என்பது பெயர். கதிரை அறுத்தபின் வயலில் நிற்பது அதுவே. அத்தாளிலும் நார் உண்டு. நாம் எழுதும் தாளும் நாரால் ஆனதே.

விமான நிலையம், மருத்துவமனை, உணவகம், அலுவலகம் எனப் பெங்களூரில் நாம் செல்லும் பல இடங்களில் உருளையாகச் சுற்றப்பட்ட மெல்லிய தாளைக் காண்கிறோம். பேச்சு வழக்கில் அதனை 'டிஷ்யூ பேப்பர்' என்கிறோம். இப்பாடத்தில் மென்தாள் என்று வழங்குவோம். நீரால் தூய்மை செய்வதே நம் நாட்டு வழக்கம். எனினும் ஈரம் துடைக்கவும் பயணத்தின்போது பயன்படுத்தவும் மென்தாள் இன்று பலருக்குத் தேவைப்படுகிறது. 1995ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒரிகாமி என்னும் மென்தாள் நிறுவனம் பெங்களூரைச் சேர்ந்ததே.

சீனத்தில் தொடங்கிய வழக்கம்

காகிதத்தை முதலில் செய்தவர் சீனர். கழிப்பறையில் அதனை முதலில் பயன்படுத்தியவரும் அவரே. கி.பி. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த யான் சிதுய் என்னும் சீன அறிஞர், சான்றோர் மொழிகளோ பெயர்களோ எழுதப்பட்ட காகிதத்தைக் கழிப்பறையில் பயன்படுத்தத் தமக்குத் துணிவில்லை எனக் குறித்துள்ளார். எழுத்துள்ள தாளைக் காலால் மிதித்துவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் வழக்கத்தை இது நினைவூட்டுகிறது.

அமெரிக்காவில் 1857ஆம் ஆண்டில் ஜோசப் கயெட்டி என்பவர் கழிப்பறைத் தாளைத் தனித்தனித் தாள்களாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். துளைக்கோடு இட்டு உருளையாகச் சுற்றிய தாளுக்கு சேத் வீலர் என்பவர் 1891ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

நாரிலிருந்து கூழ்

மரத்தில் செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளும், அந்நார்களைப் பசைபோல் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருளும் உள்ளன. மரத்தைச் சிறு சிறு சில்லுகளாக நறுக்கி, சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் சல்பைடு ஆகியவை கலந்த நீரில் இட்டு, அழுத்தமிகு கலனில் ஏறத்தாழ 170 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வேகவைப்பர். லிக்னின் கரைந்து பிரியும். நார் கூழாக எஞ்சும். பழுப்பு நிறக் கூழைக் கழுவி வெளுத்தால் வெண்கூழ் கிடைக்கும்.

எல்லா மரத்து நாரும் ஒரே தன்மையுடையது அன்று. பைன் போன்ற ஊசியிலை மரங்களின் நார் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமுடையது. அது தாளுக்கு வலிமை தரும். யூகலிப்டஸ் மரத்தின் நார் 1 மில்லிமீட்டர் அளவே உள்ளது. அது தாளின் மேற்பரப்புக்கு மென்மை தரும். ஆதலால் இருவகைக் கூழையும் தேவைக்கேற்பக் கலப்பர்.

கூழிலிருந்து தாள்

தாள் உருவாகும் பொறியினுள் செல்லும் கலவையில் பெரும்பகுதி நீரே. ஆயிரம் கிராம் கலவையில் நார் இரண்டு அல்லது மூன்று கிராம் மட்டுமே இருக்கும். இக்கலவை விரைந்து ஓடும் நுண்வலையின்மீது பாய்ச்சப்படுகிறது. நீர் வடிய, நார்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஈரமான படலமாகின்றன. அப்படலத்தைத் தடித்த துணியொன்று ஏந்திச் சென்று, வெப்பமான பேருருளைமீது ஒட்டுகிறது.

இப்பேருருளையை யாங்கி உருளை என்பர். உட்புறம் நீராவியால் சூடேற்றப்படும் இவ்வுருளையின் விட்டம் 5 மீட்டர்வரை இருக்கும். இரண்டு யானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் ஏறக்குறைய அவ்வளவு உயரம் வரும். விரைந்து இயங்கும் ஆலைகளில் தாள் நிமிடத்துக்கு 2000 மீட்டர், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதனால் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் ஈரப்படலம் உலர்ந்த தாளாகிவிடுகிறது.

மென்மையின் மறைபொருள்

கூழ் உலரும்போது அருகருகே உள்ள நார்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. இப்பற்றுதலை ஹைட்ரஜன் பிணைப்பு என்பர். எழுதும் தாளில் பசையின்றியே நார்கள் சேர்ந்து நிற்பது பெரிதும் இப்பிணைப்பினாலேயே. பிணைப்பு மிகுந்தால் தாள் வலிமை பெறும். ஆனால் விறைப்பும் பெறும். ஆகவே மென்மை வேண்டுவோர் அப்பிணைப்பைச் சிறிது தளர்த்தியாக வேண்டும்.

தோசைக்கல்லில் ஒட்டிய மெல்லிய தோசையைத் திருப்பியால் தள்ளினால் என்ன நிகழும்? அதன் விளிம்பு மடிந்து மடிந்து சுருங்கும். யாங்கி உருளையிலும் அதுவே நிகழ்கிறது. உருளைமீது ஒட்டியுள்ள தாளை நீண்ட எஃகுத் தகடு ஒன்று சுரண்டி எடுக்கிறது. அவ்வாறு எடுக்கும்போது தாளில் கண்ணுக்குப் புலப்படாத எண்ணற்ற மடிப்புகள் தோன்றுகின்றன. நார்களின் பிணைப்புகள் பல அறுகின்றன. தகட்டைக் கடந்த தாளைச் சுற்றி வாங்கும் உருளை, யாங்கி உருளையைவிட மெதுவாகச் சுழல்கிறது. ஆதலால் 100 மீட்டர் தாள் ஏறத்தாழ 80 மீட்டராகச் சுருங்குவதும் உண்டு.

இம்மடிப்புகளே மென்தாளுக்கு மென்மையையும் நெகிழ்ச்சியையும் ஈரம் உறிஞ்சும் ஆற்றலையும் தருகின்றன. ஒரு சதுர மீட்டர் எழுதும் தாள் 60 முதல் 80 கிராம் எடையுடையது. அதே பரப்புள்ள ஓரடுக்கு மென்தாளின் எடை 15 முதல் 20 கிராம் மட்டுமே.

பூவும் புடைப்பும்

ஆலையில் சுற்றப்பட்ட பெருஞ்சுருள்கள் அடுத்த தொழிற்கூடத்திற்குச் செல்கின்றன. அங்கு இரண்டு அல்லது மூன்று அடுக்குகள் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. மேடுபள்ளமான வடிவம் செதுக்கிய எஃகு உருளைக்கும் ரப்பர் உருளைக்கும் இடையே தாள் அழுந்தி வரும்போது அதில் புடைப்பு வேலைப்பாடு விழுகிறது. இது அழகுக்காக மட்டும் அன்று. புடைப்பு, அடுக்குகளைப் பிரியாமல் இணைக்கிறது; தாளின் பருமனைக் கூட்டி ஈரத்தை நன்கு உறிஞ்சச் செய்கிறது.

பூ, கொடி முதலிய வண்ண வடிவங்கள் வளையும் தன்மையுள்ள அச்சுத்தகடுகளால் பதிக்கப்படுகின்றன. ரப்பர் முத்திரையில் மேடாக உள்ள எழுத்து மட்டும் மை தொட்டுப் பதிவதைப் போன்றதே இம்முறை. இதற்கு நீரை அடிப்படையாகக் கொண்ட மை பயன்படுகிறது. அந்த மை விரைவில் உலர வேண்டும். தோலுக்குத் தீங்கு செய்யாமலும், ஈரம் பட்டால் கையில் ஒட்டாமலும் இருக்க வேண்டும். மை மிகுந்தால் அது படிந்த இடம் விறைத்துப்போகும். எனவே மென்தாளில் வண்ணம் சிறு சிறு பூக்களாக ஆங்காங்கே மட்டுமே பதிக்கப்படுகிறது.

பின்னர்ப் பல்வைத்த கத்தி துளைக்கோடு இடுகிறது. அட்டைக்குழல்மீது நீண்ட தடிபோல் சுற்றப்பட்ட தாள், ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு உருளைகளாக அறுக்கப்பட்டு உறையிடப்படுகிறது.

நீரில் பிரியும் தாள்

கழிப்பறைத் தாளுக்கு இரண்டு கடமைகள் உண்டு. கையில் உள்ளபோது கிழியாதிருக்க வேண்டும். நீரில் விழுந்ததும் நார்நாராகப் பிரிய வேண்டும். நார்களின் பிணைப்பை நீர் எளிதில் அவிழ்ப்பதால் இது இயல்கிறது. சமையலறைத் தாளும் முகம் துடைக்கும் தாளும் அவ்வாறல்ல. ஈரத்திலும் கிழியாதிருக்க அவற்றில் ஒருவகைப் பிசின் சேர்ப்பர். அவற்றைக் கழிப்பறைத் தொட்டியில் இட்டால் கழிவுநீர்க் குழாய் அடைபடும்.

கடைசிப் பிறவி

எழுதித் தீர்ந்த குறிப்பேட்டுக்கு மறுபிறவி உண்டு. பழைய தாளை நீரில் கரைத்துக் கூழாக்கி, சோப்புப் போன்ற பொருள்களைக் கலந்து காற்றைச் செலுத்துவர். மைத்துகள்கள் காற்றுக்குமிழிகளில் ஒட்டி நுரையாக மேலே மிதக்கும். நுரையை நீக்கினால் தூய கூழ் கிடைக்கும். ஆயினும் ஒவ்வொரு முறையும் நார் குட்டையாகி நலிகிறது. பொதுவாக 5 முதல் 7 முறை வரையே நாரை மீண்டும் பயன்படுத்த இயலும்.

அவ்வாறு நலிந்த நாரிலிருந்தும் மென்தாள் செய்யலாம். ஆனால் அது புதிய மரக்கூழால் செய்ததைப்போல் வெண்மையாகவும் மென்மையாகவும் இராது. இங்குதான் நாம் சிந்திக்க வேண்டியது உள்ளது. நாளிதழ் அட்டையாகலாம், அட்டை மீண்டும் அட்டையாகலாம். பயன்பட்ட மென்தாள் மட்டும் எதுவாகவும் ஆகாது. அதுவே நாரின் கடைசிப் பிறவி. முதிர்ந்த நாரை அப்பிறவிக்கு அனுப்பினால் அதன் பயணம் முறையாக நிறைவுறும். ஒருமுறைகூட எழுத்தைச் சுமக்காத புதிய நாரை அனுப்பினால், ஆண்டுக்கணக்கில் வளர்ந்த மரம் ஒரு நொடிப் பயனோடு முடிந்துபோகும்.

மரத்திற்கு மாற்றும் உண்டு. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் ஆலை உள்ளது. 1979ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்நிறுவனம், 1984 முதல் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு செய்தித்தாளும் எழுதுதாளும் செய்து வந்துள்ளது. சர்க்கரை ஆலைகள் தம் கொதிகலன்களில் எரித்துவந்த சக்கையைப் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக எரிபொருளோ நீராவியோ வழங்குவது இந்நிறுவனம் கண்ட வழி. சக்கையிலிருந்தும் மூங்கிலிலிருந்தும் மென்தாள் செய்யும் ஆலைகள் உலகின் பல பகுதிகளில் உள்ளன.

காகிதம் செய்ய நாரைவிட மிகுதியாக வேண்டுவது நீர். காகிதபுரம் காவிரியை ஒட்டிய ஊர். பெங்களூர் மக்கள் குடிப்பதும், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுநிலத்திற்கு ஏற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீரே. இரு மாநிலத்தவரும் காவிரியைப் போற்றுகின்றனர். இரு மாநிலத்தவருக்கும் அதனைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் கடமை உண்டு. ஒரு தாள் போதுமான இடத்தில் நான்கு தாள்களை இழுக்கும் கை, மரத்தோடு நீரையும் வீணாக்குகிறது.

உணவு துடைத்த தாளை உலர்கழிவுக் கூடையில் இடலாகாது. அது அங்குள்ள நல்ல காகிதத்தையும் கெடுத்துவிடும். கைக்குட்டை வைத்திருத்தல், தேவையான அளவே எடுத்தல், மறுசுழற்சித் தாளின் சற்றுக் கரடான தன்மையை ஏற்றல் ஆகிய மூன்றும் மாணவர் எவர்க்கும் இயல்வனவே.

சொல்லும் பொருளும்

சில்லு – சிறு துண்டு
நலிதல் – வலிமை குன்றுதல்
நெகிழ்ச்சி – இழுத்தால் விரியும் தன்மை
புடைப்பு – மேலெழுந்த பகுதி
மூலப்பொருள் – ஒரு பொருளைச் செய்வதற்கு அடிப்படையான பொருள்

தெரிந்து தெளிவோம்

தாவரங்களின் அடிப்பகுதியைக் குறிக்கும் தமிழ்ச்சொற்களை மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் தொகுத்துக் காட்டியுள்ளார்:
நெல், கேழ்வரகு – தாள்
கம்பு, சோளம் – தட்டு
கரும்பு – கழி
மூங்கில் – கழை
புளி, வேம்பு – அடி

செய்து பார்ப்போம்

மூடியுள்ள இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் பாதியளவு நீர் எடுத்துக்கொள்க. ஒன்றில் கழிப்பறைத் தாளையும் மற்றொன்றில் சமையலறைத் தாளையும் ஒரே அளவில் கிழித்து இடுக. இரண்டையும் இருபது முறை குலுக்குக. எது நார்நாராகப் பிரிகிறது? அதற்கான காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

மதிப்பீடு

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. மரத்தில் நார்களைப் பிணைத்து நிற்கும் பொருள் யாது?
2. மென்தாளில் வண்ணம் ஆங்காங்கே மட்டும் பதிக்கப்படுவது ஏன்?
3. காகிதபுரம் ஆலை எதனை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டது?

ஆ. விரிவாக விடை தருக.
1. உலர்ந்த தாள் மென்மை பெறும் முறையைத் தோசை உவமை கொண்டு விளக்குக.
2. 'காகிதத்தின் கடைசிப் பிறவி' என்னும் தலைப்பின் பொருத்தத்தை ஆராய்க.

இ. சிந்தித்து எழுதுக.
உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் பயன்படும் தாள் வகைகளைப் பட்டியலிடுக. அவற்றுள் மறுபிறவி உடையவை எவை, இல்லாதவை எவை எனப் பிரித்துக் காட்டுக.