கல்விப் பயணத்தின் மறுபாதி

இஸ்லாமியக் கல்வி வரலாற்றில் 'ரிஹ்லா' என்னும் சொல்லுக்குத் தனிச்சிறப்பு உண்டு. கல்வி தேடிப் பிற நாடுகளுக்குச் செல்லும் பயணத்தையே அது குறிக்கும். ஒரேயொரு நபிமொழியை நேரில் செவியுறுவதற்காக ஷாம் நாட்டுக்கு ஒரு மாத காலம் பயணம் செய்த நபித்தோழர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் வரலாற்றை நாம் பலகாலும் எடுத்துரைக்கின்றோம். எனினும், புறப்பட்டுச் சென்றோரைப் பற்றிப் பேசிய அளவுக்கு, கற்றுத் தேர்ந்து தாயகம் மீண்டோர் எதிர்கொண்ட நிலைமைகளைப் பற்றி நாம் பேசியதில்லை.

திருக்குர்ஆனின் 'தவ்பா' அத்தியாயத்தில் 122ஆம் வசனம், ஒவ்வொரு கூட்டத்தாரிலும் ஒரு சாரார் மார்க்க ஞானத்தில் தேர்ச்சி பெறுவதைப் பற்றிப் பேசுகின்றது. அதே வசனம், சமூகத்தாரிடம் 'திரும்புதல்' குறித்தும் அவர்களை எச்சரித்தல் குறித்தும் பேசுகின்றது. சென்றவர் யார், தங்கியவர் யார் என்பதில் விரிவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் கற்றலும் திரும்புதலும் அங்கு ஒருசேர வைக்கப்பட்டிருப்பது நம் கருத்தில் கொள்ளத்தக்கது.

இதற்குச் செயல்வழி விளக்கமாக அமைவது மாலிக் இப்னுல் ஹுவைரிஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு. ஒத்த வயதுடைய இளைஞர் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து 20 இரவுகள் தங்கினர். அவர்களின் உள்ளம் குடும்பத்தாரை நாடுவதை உணர்ந்த நபி (ஸல்) அவர்கள், வீட்டில் யாரை விட்டு வந்தீர்கள் என்று பரிவுடன் விசாரித்தார்கள். பின்னர், ஊர் திரும்பி அவர்களுடனேயே தங்கி, அவர்களுக்குக் கற்றுக் கொடுக்குமாறு பணித்தார்கள். தொழுகை நேரம் வந்தால் ஒருவர் பாங்கு சொல்லட்டும், வயதில் மூத்தவர் தொழுவிக்கட்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். கற்றதைக் கொண்டுசெல்வோர்க்கு, வயதுக்குரிய மரியாதையும் உடன் கற்பிக்கப்பட்டது.

தாயகம் திரும்பிய கல்வி எவ்வாறு வேரூன்றுகிறது, எவ்வாறு எதிர்க்கப்படுகிறது என்பதை அறிய அந்தலுஸ், அதாவது முஸ்லிம் ஸ்பெயின், மிகச் சிறந்த சான்றாகும்.

குர்துபா நகரைச் சேர்ந்த யஹ்யா இப்னு யஹ்யா அல்லைஸீ (ரஹ்) அவர்கள் மதீனா சென்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பயின்றார்கள். ஒருநாள் ஊருக்குள் யானை வந்திருப்பதாகக் கேள்வியுற்று மாணவர் அனைவரும் எழுந்தோட, அன்னார் மட்டும் அமர்ந்திருந்தார்கள். காரணம் வினவப்பட்டபோது, தாம் நாடு கடந்து வந்தது இமாமைக் கண்டு பயில்வதற்கேயன்றி யானையைக் காண்பதற்கன்று என்ற பொருளில் விடையளித்தார்கள். அவர்கள் தாயகம் மீண்டு பரப்பிய 'முவத்தா'வின் அறிவிப்பே இன்றளவும் உலகில் பெரிதும் வழக்கில் உள்ளது. நீதிபதிப் பதவியை ஏற்க அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆயினும் நீதிபதிகளின் நியமனத்தில் ஆட்சியாளர்கள் அவர்களின் ஆலோசனையை நாடினர். ஹிஜ்ரீ 234இல் அவர்கள் மறைந்தபோது, மாலிக்கீ மத்ஹப் அந்நாட்டில் உறுதியாக நிலைபெற்றிருந்தது.

அடுத்த தலைமுறையில் அதே குர்துபாவிலிருந்து புறப்பட்டவர் பகீ இப்னு மக்லத் (ரஹ்) (ஹிஜ்ரீ 201–276, கி.பி. 817–889). இருமுறை கிழக்கே பயணம் செய்து, 30 ஆண்டுகளுக்கும் மேலாக, 280க்கும் அதிகமான ஆசிரியர்களிடம் அவர்கள் பயின்றதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அவர்கள் கொண்டுவந்த நூல்களில் ஒன்று, கூஃபாவின் இப்னு அபீ ஷைபா (ரஹ்) அவர்களின் 'முஸன்னஃப்'. நபிமொழிகளுடன் நபித்தோழர்கள், தாபிஈன்கள் ஆகியோரின் மாறுபட்ட தீர்ப்புகளையும் தொகுத்துரைக்கும் பெருநூல் அது.

அந்நூல் குர்துபாவில் ஓதப்பட்டபோது உள்ளூர் மார்க்க அறிஞர்கள் கொதித்தெழுந்தனர். அதிலுள்ள கருத்து வேறுபாடுகள் மக்களைக் குழப்பும் என்றனர். பொதுமக்களும் தூண்டிவிடப்பட்டனர். செய்தி அமீர் முஹம்மத் இப்னு அப்துர் ரஹ்மானை (ஆட்சி: கி.பி. 852–886) எட்டியது. அவர் இரு தரப்பாரையும் அழைத்து, நூலைப் பகுதி பகுதியாகப் புரட்டி இறுதிவரை பார்வையிட்டார். எதிர்த்தோர் தங்களுக்கே வெற்றி என்று எண்ணியிருக்க, அமீரோ தம் நூலகப் பொறுப்பாளரை நோக்கி, இந்நூல் நம் நூலகத்தில் இல்லாதிருக்கக் கூடாது, ஒரு படி எடுக்க ஏற்பாடு செய்க என்று ஆணையிட்டார். பகீ (ரஹ்) அவர்களிடம் கல்வியைப் பரப்புமாறு கூறி, பிறர் குறுக்கிடுவதையும் தடுத்தார். பகீயும் அவர்தம் சமகாலத்தவரான முஹம்மத் இப்னு வள்ளாஹும் ஆற்றிய பணியால் அந்தலுஸ் நபிமொழிக் கலையின் இருப்பிடமாயிற்று.

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பகீயை எதிர்த்தோர் கல்வியின் பகைவர் அல்லர். ஒரு தலைமுறைக்கு முன் அதே கிழக்கிலிருந்து வந்த கல்வியின் காவலர்களாகவே அவர்கள் தம்மைக் கருதினர். நேற்றுத் திரும்பியவர் கொண்டுவந்தது இன்று ஊரின் மரபாகிவிட, இன்று திரும்புபவர் அம்மரபின் வாயிலில் நின்று அனுமதி கேட்க வேண்டியவராகிறார். இவ்வுண்மையை உணர்ந்தால் வந்தவரிடம் செருக்கு குறையும். இருப்பவரிடம் அச்சம் குறையும்.

எல்லோருக்கும் அத்தகைய அமீர் வாய்ப்பதில்லை. இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் நீண்ட பயணங்களுக்குப் பின் புகாரா திரும்பியபோது, அரண்மனைக்கு வந்து கற்பிக்குமாறு ஆளுநர் கோரினார். கல்வியை ஆட்சியாளரின் வாயிலுக்குச் சுமந்து செல்ல இமாம் உடன்படவில்லை. விளைவு, சொந்த ஊரிலிருந்தே வெளியேற நேர்ந்தது. ஹிஜ்ரீ 256இல் (கி.பி. 870) சமர்கந்துக்கு அருகிலுள்ள கர்தங்க் என்னும் சிற்றூரில் அன்னார் வஃபாத்தானார்கள்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் அரபு நாட்டில் ஒன்பது ஆண்டுகள் கற்று ஊர் திரும்பினார். முதல் மாதத்திலேயே, தமக்கு அலிஃப், பா கற்றுத்தந்த முதிய இமாமின் ஓதலில் உள்ள பிழைகளைச் சபையில் வைத்துச் சுட்டினார். மஹல்லா இரண்டுபட்டது. சில ஆண்டுகள் கழித்து என்னைக் காண வந்தவர், "ஹழ்ரத், அவரைத் தனியே சந்தித்து ஸலாம் சொல்லிவிட்டுப் பேசியிருக்கலாம். இப்போது அவரும் இல்லை" என்றார். ஊராரிடமும் குறை இருந்தது. ஒன்பது ஆண்டுகள் என்ன கற்றீர் என்று ஒருவர்கூட அவரிடம் கேட்கவில்லை. அவர் கொண்டுவந்த நூல்கள் இன்னும் பெட்டியிலேயே உள்ளன.

மாணவரை வழியனுப்பும்போது விருந்து வைக்கும் நாம், அவர் திரும்பும்போது கற்றதை எடுத்துரைக்க ஓர் அவையும் அளித்தல் வேண்டும். கொண்டுவரும் நூலைத் தீர்ப்பதற்கு முன் இறுதிவரை புரட்டிப் பார்த்த குர்துபா அமீரின் நிதானம் நம் மஹல்லாக்களுக்குத் தேவை. மூத்தவரை முன்னிறுத்தும் அந்த நபிவழிப் பண்பு, திரும்பி வரும் நம் இளம் ஆலிம்களுக்குத் தேவை. இரண்டும் கூடுமிடத்தில்தான் ரிஹ்லா நிறைவு பெறும். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக.